உரித்த வெங்காயம்

கேள்வி: எனக்கு 36 வயது. பல்லாவரத்தில் இருக்கிறோம். பாரிமுனையில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை. பையன் நான்காம் வகுப்பு, பெண் எல்.கே.ஜி. காலை நாலே முக்காலுக்கு எழுந்தால் மின்சார ரயில் ஏறும்வரை உட்காருவதே கிடையாது. கணவர் நல்லவர்தான், ஆனால் சாப்பிட்ட தட்டை சிங்க்கில் போடுவதோடு சரி. மாமியார் ராத்திரி சீரியல் பார்த்துக்கொண்டே சின்ன வெங்காயம் உரிப்பார். தோல் ஹால் முழுக்கப் பறக்கும். பத்தரை மணிக்கு அதையும் நான்தான் கூட்ட வேண்டும். தினமும் படுக்கும் முன் ஐந்து நல்ல விஷயங்களை 'நன்றி டைரி'யில் எழுதச் சொன்னாள் அலுவலகத் தோழி. மூன்றாம் நாளே பேனாவோடு தூங்கிவிட்டேன். எல்லாம் இருந்தும் நன்றி இல்லாதவளாகிவிட்டேனோ என்று உறுத்துகிறது. என்ன செய்யட்டும் அம்மா?

– பெயர் வேண்டாம், பல்லாவரம்

பதில்: நீ என்றே எழுதுகிறேன், என் பெண்ணுக்கும் உன் வயதுதான். முதல் வேலையாக அந்த டைரியைப் பையனிடம் ரஃப் நோட்டாகக் கொடுத்துவிடு.

தோழி சொன்னதில் விஷயம் இருக்கிறது. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 2003-ல் இதைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முதல் சோதனையில் கல்லூரிப் பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு தடவை, ஐந்து விஷயம் வரை எழுதினார்கள். பத்து வாரம், அவ்வளவுதான். தொல்லைகளைப் பட்டியல் போட்டவர்களைவிட அவர்கள் மனநிறைவோடு இருந்தார்களாம். வாரம் ஒரு தடவைக்கே அந்தப் பலன். ஆனால் அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் காலையில் மூன்று டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு வந்திருப்பார்கள்?

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் கால் ஆபரேட்டராக இருந்தவள். என் பெண் பிறந்தபோது எங்களுக்குப் பிரசவ விடுப்பு 90 நாள். அது 135 ஆனது 1997-ல், 180 ஆனது 2008-ல். இரண்டும் எனக்கு உதவவில்லை. 91-ஆம் நாள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பலகை முன்னால் உட்கார்ந்துவிட்டேன். "கவர்ன்மென்ட் வேலை, கொடுத்துவைத்தவள்" என்று மாமனார் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது திருவல்லிக்கேணியில் குடித்தனம். கோடையில் விடியற்காலை தண்ணீர் லாரி வரும். நைட் டியூட்டிக்குப் போகும்போதே என் பச்சைக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வருவதற்குள் லாரி போயிருக்கும். ஆனாலும் குடம் நிறைந்து, மேலே ஒரு தட்டு போட்டு மூடி, எங்கள் வாசலில் இருக்கும். என் கணவரின் வேலை என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சீக்கிரம் வந்தபோது பார்த்தேன். கீழ்வீட்டு டெய்லரின் மனைவி இரண்டு கையிலும் தன் குடங்களைப் பிடித்துக்கொண்டு, என் குடத்தைக் காலால் முன்னே முன்னே தள்ளிக்கொண்டிருந்தாள். மொட்டைமாடிக் கொடியில் யார் துணி போடுவது என்று சண்டை போட்டு, இரண்டு மாதமாக அவளுடன் எனக்குப் பேச்சு இல்லை.

'நன்றி' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் வீடுகளில் அந்த வார்த்தையை மேடையில்தானே சொல்கிறோம்? மறுநாள் என் துணிகளைத் தண்ணீர்த் தொட்டி நிழல் பக்கம் தள்ளிப் போட்டேன். வெயில் பக்கக் கொடி முழுக்க அவளுக்கு. "ஏன்க்கா, இந்தப் பக்கம் காயாதே?" என்று கேட்டாள். அத்தோடு பேச்சு வந்துவிட்டது. எனக்குத் தூக்கம் இல்லாதது அப்படியேதான் இருந்தது, அதில் ஒரு மாற்றமும் இல்லை. மாமனார் சொல்வதற்கு மட்டும் அப்புறம் அவ்வளவு கோபம் வரவில்லை.

அதனால் பூவையும் வானத்தையும் தேடி எழுதிக்கொண்டிருக்காதே. ரயிலில் உட்கார இடம் கிடைக்கிற நாளில், இந்த வாரம் உன் குடத்தை யார் தள்ளினார்கள் என்று மட்டும் யோசி. யாரும் தள்ளவில்லையென்றால் அதையும் மறைக்காதே. வீட்டில் சத்தமாகவே சொல். நீ நன்றி இல்லாதவள் இல்லை, தூக்கம் இல்லாதவள்.

இன்னொன்று. உன் கடிதத்தை இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் எனக்கே தட்டுப்பட்டது. சின்ன வெங்காயத்தை உரிக்கிறவர் உன் மாமியார். நீ நாலே முக்காலுக்கு எழுந்து சாம்பார் கூட்டும்போது அது உரித்துத் தயாராகக் கிண்ணத்தில் இருக்கிறதா இல்லையா? நாளைக்குக் காலையில் "அத்தை, வெங்காயம் இல்லாவிட்டால் இன்றைக்கு ரயிலை விட்டிருப்பேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடு.

தோலைக் கூட்டும் வேலை உன் கணவருக்கு. துடைப்பம் எங்கே இருக்கிறது என்று கேட்பார், காட்டிக்கொடு.