மோர்பின் குளிசைக்கு வட்ஸ்அப் படம் போதாது

தங்கச்சி, அம்மாவின் கான்சர் நோவுக்கான மோர்பின் முடியப்போகுது, டொக்டர் எழுதிய மருந்துத் துண்டின் வட்ஸ்அப் படத்தைக் காட்டியும் களுவாஞ்சிக்குடி பாமசியில் தரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பாமசிக்காரரைக் கோபிக்காதீர்கள். மோர்பின் 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்துக்குள் வரும் மருந்து. படத்தைப் பார்த்துக் கொடுக்க அவருக்கு ஏலாது. கொடுக்கும் இடத்தில் ஒவ்வொரு குளிசைக்கும் பதிவேட்டில் கணக்கு நிற்கவேணும். சின்னப் பாமசிகள் அதை வைத்திருப்பதே அரிது.

நாளைக்கே கிளினிக் கொப்பியோடு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைப் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போங்கள். அம்மாவுக்கு வர ஏலாவிட்டால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். துண்டில் பெயர், திகதி, வேளைக்கு எத்தனை மில்லிகிராம், மொத்தம் எத்தனை குளிசை, கையெழுத்து, டொக்டரின் பதிவிலக்கம் எல்லாம் இருக்கா என்று அங்கேயே நின்று பாருங்கள். மில்லிகிராம் வெட்டித் திருத்தியிருந்தால் புதுத்துண்டு கேளுங்கள்.

இருக்கிறதை நீட்டுவதற்காகக் குளிசையைப் பாதியாக்க வேண்டாம். திடீரென்று குறைந்தால் நோவோடு வியர்வையும் நடுக்கமும் வரும், அம்மா பாவம்.