செலக்‌ஷனா ட்ரிஃப்டா? ஹார்டி-வெயின்பெர்க் கணக்குல மார்க் எங்க போகுது?

மூணாவது வருஷம் பி.எஸ்சி. விலங்கியல் படிக்கிற ஒரு மாணவி கேட்டிருக்காங்க: "பரிணாமம் பேப்பர்ல தியரி எல்லாம் தெரியும் சார், ஆனா டேட்டாவ குடுத்து இது நேச்சுரல் செலக்‌ஷனா ஜெனிட்டிக் ட்ரிஃப்டான்னு கேட்டா முழிக்கிறேன், ஹார்டி-வெயின்பெர்க் கணக்குலயும் மார்க் போயிடுது, என்ன பண்றது?"

செலக்‌ஷன்னா பொழைக்கவோ பெருகவோ உதவுற பண்பு இருக்கிறதுங்க அதிகமாகிறது, ட்ரிஃப்ட்னா வெறும் தற்செயலா ஜீன் வடிவங்க கூடிக் குறையறது, ஹார்டி-வெயின்பெர்க்ங்கிறது இப்படி எதுவும் தள்ளாத பெரிய கூட்டத்துல ஜீன் ஜோடிகளோட விகிதம் எப்படி இருக்கணும்னு சொல்ற சமநிலைக் கணக்கு. கணக்க முதல்ல முடிச்சிடுவோம்மா, பெரும்பாலும் எல்லாரும் ஒரே இடத்துலதான் சறுக்குறாங்க. ஒரு ஜீனுக்கு பெரிய ஏ, சின்ன எ-ன்னு ரெண்டு வடிவம் (அலீல்), ஒவ்வொருத்தர்கிட்டயும் ரெண்டு பிரதி; 200 பேர்ல ஏஏ 90, ஏஎ 60, எஎ 50ன்னு குடுத்து சமநிலையில இருக்கான்னு கேட்கிறாங்கன்னு வச்சுக்கோங்க. உடனே 50/200க்கு வர்க்கமூலம் எடுத்து க்யூ (சின்ன எ-யோட பங்கு) 0.5ன்னு எழுதிடாதீங்க, அந்தக் குறுக்குவழி சமநிலை இருக்குன்னு முன்னாடியே ஒத்துக்கிட்டாதான் செல்லும், இருக்கான்னு கேட்கிறதே கேள்வியா இருக்கும்போது அத எப்படி எடுத்துக்க முடியும்? அலீல எண்ணுங்க: மொத்தம் 400, பெரிய ஏ 240, அதனால பி (பெரிய ஏ-யோட பங்கு) 0.6, க்யூ 0.4. பி², 2பிக்யூ, க்யூ² மூணையும் 200ஆல பெருக்கினா எதிர்பார்க்கிற எண்ணிக்கை 72, 96, 32. எண்ணினதுக்கும் எதிர்பார்த்ததுக்கும் எவ்வளவு விலகல்னு காட்டுற கை ஸ்கொயர் 28.1 வரும். டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 1தான், 2 இல்ல, ஏன்னா பி-ய அதே டேட்டாவுல இருந்துதான் எடுத்தோம். அதுக்கு அட்டவணையில 5% அளவுல இருக்கிற எல்லை 3.84ஐ விட ரொம்ப அதிகம், சமநிலை இல்ல. இதோட நிறுத்தாம, ரெண்டு அலீலும் கலந்த ஏஎ 96 இருக்க வேண்டிய இடத்துல 60தான் இருக்கு, நெருங்கின சொந்தத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் (உள்ளினக்கலப்பு) இருக்கலாம், இல்ல ரெண்டு தனித்தனி கூட்டத்த ஒண்ணா எண்ணியிருக்கலாம்னு ஒரு வரி சேர்த்தா பேப்பர் திருத்துறவங்களுக்கு உங்களுக்குப் புரிஞ்சிருக்குன்னு தெரிஞ்சிடும்.

இப்ப செலக்‌ஷன். இதுக்கு கலாபகஸ்ல டாஃப்னி மேஜர்ங்கிற குட்டித் தீவ ஒண்ண மட்டும் நல்லா படிச்சா போதும்னு நான் சொல்லுவேன். பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973ல இருந்து அங்க ஃபிஞ்ச் குருவிகளப் புடிச்சு, வளையம் மாட்டி, அலகு அளந்து விட்டாங்க. 1977ல மழை பொய்ச்சுப்போச்சு, சின்ன விதையெல்லாம் தீர்ந்துடுச்சு, மிச்சம் இருந்ததுல முக்கியமானது நெருஞ்சி ஜாதிச் செடியோட முள்ளு முள்ளான கெட்டிக் காய், அத உடைக்க கனமான அலகு வேணும். நடுத்தர தரை ஃபிஞ்ச்ங்கிற இனத்துல சுமார் 85 சதவீதம் செத்துப்போச்சு, பொழச்சதோட சராசரி அலகு ஆழம் (மேலிருந்து கீழ் வரை தடிமன்) அரை மில்லிமீட்டர் கிட்ட கூடிடுச்சு. எந்தக் குருவிக்கும் அலகு வளரல, கவனிங்க, அளவு பத்தாததுங்க செத்துச்சு, அவ்வளவுதான். இதுவே இன்னும் பரிணாமம் ஆகிடல. அலகு அளவு அப்பா அம்மாகிட்ட இருந்து குஞ்சுக்கு வருதுன்னு காட்டி, அடுத்த தலைமுறையும் கனமான அலகோட இருந்தப்புறம்தான் பரிணாமம்னு எழுதணும். "வறட்சியால அலகு பெருசாக்கிக்கிச்சு"ன்னு எழுதினா மார்க் போறது நியாயம்தான்.

ஆனா வறட்சின்னா பெரிய அலகுன்னு மனப்பாடம் பண்ணிக்காதீங்க! 2004 வாக்குல மறுபடி வறட்சி வந்தப்ப அதே தீவுல அதே இனத்துல சராசரி அலகு சின்னதாச்சு, ஏன்னா நடுவுல பெரிய தரை ஃபிஞ்ச் அங்க குடியேறி அந்தக் காயெல்லாம் காலி பண்ணிட்டு இருந்துச்சு, அதோட போட்டி போட்ட பெரிய அலகுக்காரங்கதான் இந்தத் தடவ அதிகமா செத்தாங்க.

ட்ரிஃப்டுக்கு வடக்கு யானை சீல் பாருங்க. 19ஆம் நூற்றாண்டுல எண்ணெய்க்காக வேட்டையாடி விரல் விட்டு எண்ணுற அளவுக்கு கொண்டுவந்துட்டாங்க, இப்ப லட்சத்துக்கு மேல இருக்கு, ஆனா மரபணு வேறுபாடு ரொம்பக் கம்மி. தொலைஞ்சுபோன அலீல்ல பலதும் மோசமானதுன்னு இல்ல, அத வச்சிருந்த சீல் வேட்டையில மாட்டிக்கிச்சு, அவ்வளவுதான்.

அதனால பரீட்சைல டேட்டாவ பார்த்ததும், பொழச்சதுக்கும் செத்ததுக்கும் அந்தப் பண்புல ஒரே திசையில வித்தியாசம் இருக்கான்னு முதல்ல தேடுங்க, பல இடத்துல தனித்தனியா அதே மாற்றம் வந்திருந்தா செலக்‌ஷன் பக்கம் சாயலாம், கூட்டம் ரொம்பச் சின்னதா இருந்து ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு பக்கமா போயிருந்தா ட்ரிஃப்ட். ரெண்டும் சேர்ந்தும் நடக்கும், அப்படித் தெரிஞ்சா அப்படியே எழுதுங்க, "ரெண்டுல ஒண்ணுதான்"னு கேள்வியில இருந்தா மட்டும் ஒண்ணத் தேர்ந்தெடுத்து காரணம் சொல்லுங்க.