கழுத்தில் தண்டுவடம் அடிபட்டு ஓராண்டு ஆகிறது. புதிய ஆராய்ச்சிகளால் இனி பலன் உண்டா?

கேள்வியின் சுருக்கம்: அண்ணனுக்கு சி6 மட்டத்தில், அதாவது கழுத்துத் தண்டுவடத்தின் ஆறாவது நரம்பு மட்டத்தில், காயம். முதுகில் மின்கருவி பொருத்திக்கொண்டவர் எழுந்து நடக்கும் வீடியோவை வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அது வரும்வரை காத்திருப்பதா, இப்போதே ஸ்டெம் செல் சிகிச்சைக்குப் பணம் திரட்டுவதா என்று பேச்சு நடக்கிறது.

இந்த இரண்டுக்கும் முன்னால் அண்ணனின் கையைப் பாருங்கள். கழுத்துக் காயத்தில் கைதான் முதல் கேள்வி. தண்டுவடக் காயம் உள்ள 681 பேரிடம் எது திரும்பி வந்தால் வாழ்க்கை மாறும் என்று கேட்ட ஆய்வு ஒன்று 2004ல் வெளியானது. கை, கால் இரண்டும் பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் முதலிடம் கொடுத்தது கைக்கும் விரல்களுக்கும்தான். கைக்கான சிகிச்சைகளில் ஒன்றுக்குக் காலக்கெடு உண்டு. உங்களுக்கு அது ஓடிக்கொண்டிருக்கலாம்.

அதுதான் நரம்பு மாற்று அறுவை. காயத்துக்கு மேலிருந்து வரும், நன்றாக வேலை செய்யும் ஒரு நரம்புக் கிளையை வெட்டி, செயலிழந்த தசைக்குப் போகும் நரம்போடு தைக்கிறார்கள். முழங்கையை மடக்க பைசெப்ஸ், பிரேக்கியாலிஸ் என இரண்டு முக்கியத் தசைகள் இருப்பதால், பிரேக்கியாலிஸுக்குப் போகும் கிளையை எடுத்தாலும் முழங்கை மடங்கும். அந்தக் கிளை விரல்களை மடக்கிப் பிடிக்கும் தசைக்குப் போகிறது. அதேபோல் சுபினேட்டர் தசையின் கிளையை விரல்களை விரிக்கும் நரம்புக்குக் கொடுக்கலாம். உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் வேலையை பைசெப்ஸ் பார்த்துக்கொள்ளும். மெல்போர்னில் 16 பேருக்கு இப்படி 59 மாற்றங்கள் செய்த முடிவுகள் 2019ல் லான்செட் இதழில் வந்தன. இரண்டு ஆண்டுகளில் பிடிப்பும் கை திறப்பும் நன்றாக மேம்பட்டன. நான்கு மாற்றங்கள் பலன் தரவில்லை. நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். அதனால் முதல் அசைவுக்கே பல மாதம் பிடிக்கும்.

காலக்கெடு ஏன் என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். காயம்பட்ட அதே மட்டத்தில் தசையை இயக்கும் நரம்பணுக்களே செத்துப்போயிருக்கும். அந்தத் தசைக்கு நரம்பே கிடையாது என்பதால் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் புது நரம்பு போய்ச் சேராவிட்டால் அது நாராகிவிடும். காயத்துக்குக் கீழே உள்ள தசைகள் அப்படியல்ல. மூளையின் கட்டளை வராவிட்டாலும் தண்டுவடத்தோடு அவற்றுக்குத் தொடர்பு இருப்பதால் அவை உயிரோடிருக்கும். எது எந்த வகை என்பதைத் தோல்மேல் மின்தூண்டல் கொடுத்துப் பார்க்கலாம்: தசை சுருங்கினால் கீழ் நரம்பு பிழைத்திருக்கிறது. தசையின் மின்செயல்பாட்டை அளக்கும் ஈ.எம்.ஜி. பரிசோதனை இதை உறுதிப்படுத்தும். கெடு தாண்டிவிட்டாலும், வேலை செய்யும் தசையின் நாணைச் செயலிழந்த தசையின் நாணோடு இணைக்கும் தசைநாண் மாற்று அறுவை இருக்கிறது. அதற்கு இந்த அவசரம் இல்லை.

அடுத்தது, எந்த ஆய்வுச் செய்தியைப் படித்தாலும் அதில் தேட வேண்டிய ஓர் எழுத்து. தண்டுவடக் காயத்தின் கடுமையைத் தரம் பிரிக்கும் ஏஷியா (ASIA) அளவுகோலில் ஏ முதல் ஈ வரை ஐந்து தரங்கள் உண்டு. ஏ என்றால் முழுமையான காயம், பி முதல் டி வரை முழுமையடையாத காயம், ஈ என்றால் இயல்பு நிலை. ஊசிக் குத்தலும் மெல்லிய தொடுதலும் தெரிகிறதா என்று உடலின் ஒரு பக்கத்துக்கு 28 இடங்களில் சோதிப்பார்கள். பக்கத்துக்கு 10 முக்கியத் தசைகளுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண், ஆக மொத்தம் 100. அதில் கைகளுக்கு 50. ஆனால் ஏ தரமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது தண்டுவடத்தின் அடியில் உள்ள கடைசி நரம்பு மட்டம்: ஆசனவாய்ப் பகுதியில் உணர்ச்சியோ அதை விரும்பிச் சுருக்கும் திறனோ இருக்கிறதா என்பது. கூச்சத்தால் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டால் பி தரத்தில் இருப்பவரை ஏ என்று எழுதிவிட வாய்ப்புண்டு. அந்த ஓர் எழுத்தால் பல கதவுகள் மூடும்.

தோலுக்கு மேலிருந்தே செய்யும் தண்டுவடத் தூண்டல் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. அப்-லிஃப்ட் சோதனையில், கழுத்துக் காயத்தால் நாள்பட்ட பாதிப்பு உள்ள 60 பேர் முதல் இரண்டு மாதம் பயிற்சி மட்டும் எடுத்தார்கள். அடுத்த இரண்டு மாதம் அதே பயிற்சியோடு கழுத்தின் பின்புறத் தோலில் மின்முனைகள் ஒட்டித் தூண்டல் கொடுத்தார்கள். 72 சதவீதத்தினருக்குக் கையின் வலுவும் செயல்பாடும் இரண்டுமே குறிப்பிட்ட அளவு மேம்பட்டன. காயம்பட்டு 34 ஆண்டுகள் ஆனவரும் அதில் இருந்தார். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. அந்தக் கருவியை அனுமதித்தது. அனுமதி சி2 முதல் சி8 வரையிலான, முழுமையடையாத காயங்களுக்கு மட்டும். ஏ தரம் அதில் இல்லை. இந்தச் சோதனையில் போலித் தூண்டல் பெற்ற ஒப்பீட்டுக் குழு கிடையாது, ஒவ்வொருவரும் தன்னோடு தானே ஒப்பிடப்பட்டார். அது ஒரு குறைதான். ஆனாலும் ஓராண்டு தாண்டியவர்களுக்குத் தானாக வரும் முன்னேற்றம் மிகக் குறைவு என்பதால் முடிவை நான் மதிக்கிறேன். உங்கள் அண்ணனின் நிலைக்கு நெருக்கமானது நடக்கும் வீடியோ அல்ல, இதுதான்.

இனி அந்த வீடியோ. எபிடூரல் தூண்டல் என்பது தண்டுவட உறைக்கு வெளியே, இடுப்பு நரம்பு மட்டத்தில், பெரும்பாலும் 16 முனைகள் கொண்ட பட்டையைப் பதித்து, வயிற்றுத் தோலடியில் மின்துடிப்புக் கருவியை வைப்பது. அது 'நட' என்ற கட்டளையை அனுப்புவதில்லை. தண்டுவடத்துக்குள் நுழையும் உணர்வு நரம்பு இழைகளைத் தூண்டி, கால்களை இயக்கும் சுற்றுகளை விழிப்பு நிலைக்குக் கொண்டுவருகிறது. அறுபடாமல் மிஞ்சிய சில இழைகள் வழியே வரும் மெல்லிய கட்டளைக்குக்கூட அப்போது தசை பதில் சொல்கிறது. ஏ தரம் என்று எழுதப்பட்டவர்கள் சிலரும் காலை அசைத்ததற்கு இதுவே காரணமாகக் கருதப்படுகிறது.

2011ல் அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகக் குழு முதல் முடிவை வெளியிட்டது. 2018ல் லூயிவில், மேயோ கிளினிக், சுவிட்சர்லாந்தின் லோசான் என மூன்று குழுக்கள் நடையைக் காட்டின. வீடியோவில் தெரியாதது உழைப்பு. லூயிவிலின் நான்கு பேரில் இருவர் தரையில் நடந்தார்கள். ஒருவருக்கு 85 வாரங்களில் 278 பயிற்சிகள், இன்னொருவருக்கு 15 வாரங்களில் 81. அவர்களில் வேறொருவருக்குப் பயிற்சியின்போது இடுப்பெலும்பு முறிந்தது. அசையாத காலின் எலும்பு கண்ணுக்குத் தெரியாமல் மெலிந்துகொண்டே போகும். ஆகவே நிற்கும் பயிற்சி எதுவாக இருந்தாலும் முதலில் டெக்சா ஸ்கேன் எடுத்து எலும்பு அடர்த்தியைப் பாருங்கள்.

லோசான் குழு கண்டுபிடித்த ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. எலியிடம் அழகாக வேலை செய்த இடைவிடாத தூண்டல் மனிதரிடம் அவ்வளவு பலிக்கவில்லை. காரணம் நரம்பின் நீளம். தூண்டலால் எழும் துடிப்பு காலை நோக்கிப் பின்னோக்கியும் ஓடி, காலிலிருந்து வரும் இயல்பான துடிப்போடு மோதி அதை அழித்துவிடுகிறது. மனிதக் கால் நீளமாக இருப்பதால் மோதலுக்கு வாய்ப்பு அதிகம். கால் எங்கே இருக்கிறது என்ற தகவலே தொலைந்துபோகிறது. அதனால்தான் நடையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏற்ற முனையை, ஏற்ற நொடியில் மட்டும் இயக்கும் முறைக்கு மாறினார்கள். 2023ல் மூளையின் மேல் 64 முனைகள் கொண்ட இரண்டு கருவிகளைப் பதித்து, அந்தத் தூண்டலை எண்ணத்தாலேயே இயக்கியதையும் காட்டினார்கள். அது ஒரே ஒருவரிடம், அவருடையதும் முழுமையடையாத காயம்.

முதல் சில மணி நேரத்துக்கான ஆராய்ச்சி உங்கள் அண்ணனுக்கு இனி பொருந்தாது என்பதால் சுருக்கமாக: 24 மணி நேரத்துக்குள் தண்டுவடத்தின் மேலுள்ள அழுத்தத்தை நீக்கும் அறுவைக்கு ஆதரவான சான்றுகள் கூடியுள்ளன. மெதில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து 1990ல் பெரும் நம்பிக்கை தந்தது. அந்தப் பலன், 8 மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது கிடைத்தது. தொற்று, குடல் ரத்தக்கசிவு ஆகிய ஆபத்துகள் உண்டு. 2013ல் அமெரிக்க நரம்பு அறுவை வழிகாட்டுதல்கள் அதைப் பரிந்துரைக்கவில்லை.

ஸ்டெம் செல். ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகம் ஐ.பி.எஸ். செல்களிலிருந்து (சாதாரண உடல் செல்லை ஸ்டெம் செல்லாக மாற்றியவை) உருவாக்கிய சுமார் 20 லட்சம் நரம்பு முன்னோடி செல்களை, காயம்பட்டு 14 முதல் 28 நாட்களுக்குள் இருந்த நான்கு பேருக்குச் செலுத்தியது. 2025ல் இருவரிடம் முன்னேற்றம் என்று அறிவித்தார்கள். கவனியுங்கள்: அந்த வாரங்களில் உடல் தானாகவும் மீளும், ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. பாதுகாப்பைப் பார்க்கும் முதல் கட்டமாக அது மதிப்பானது. சிகிச்சை என்று சொல்ல இன்னும் தூரம் இருக்கிறது.

பணம் கொடுத்துச் செய்துகொள்ளும் செல் ஊசிக்கு என் பதில் வேண்டாம் என்பதே. மூக்குச் சவ்வுச் செல்களைத் தண்டுவடத்தில் வைத்த ஒருவருக்கு எட்டு ஆண்டுகள் கழித்து அங்கே சளி சுரக்கும் கட்டி வளர்ந்து, அதை அகற்ற வேண்டியிருந்தது. 2014ல் மருத்துவ இதழில் பதிவான நிகழ்வு இது. இன்னொரு இழப்பும் உண்டு: ஒருமுறை செல் ஏற்றிக்கொண்டவரைப் பிற்கால ஆய்வுகள் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வதில்லை. முறையான ஆய்வு செல்லுக்குப் பங்கேற்பவரிடம் கட்டணம் கேட்காது.

எந்த ஆய்வு வந்தாலும் உள்ளே நுழைய உடல் தயாராக இருக்க வேண்டும். ஆறாத படுக்கைப்புண், இறுகிய மூட்டு, அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று ஆகியவைதான் விண்ணப்பங்களை நிராகரிக்கச் செய்கின்றன. சி6 காயத்தில் தனியாக ஓர் எச்சரிக்கை: மணிக்கட்டை மேலே தூக்கும்போது விரல்கள் தாமாக மடங்கும் பிடிப்பே இப்போது அவருடைய கைச்செல்வம். பிசியோதெரபியில் மணிக்கட்டையும் விரல்களையும் ஒரே நேரத்தில் பின்னுக்கு நீட்டி இழுத்தால் அந்தத் தசைநாண்கள் தளர்ந்து பிடிப்பு போய்விடும். விரல்களை நீட்டும்போது மணிக்கட்டை மடக்கியே வைக்க வேண்டும்.

திடீர்த் தலைவலி, முகம் சிவந்து வியர்த்தல், ரத்த அழுத்தம் வழக்கத்தைவிட 20, 40 என்று ஏறுதல் தெரிந்தால் அது தன்னியக்க நரம்பின் அவசர நிலை. டி6 மட்டத்தில் (மார்புப் பகுதியின் ஆறாவது நரம்பு) அல்லது அதற்கு மேல் காயம் உள்ள எவருக்கும் வரலாம். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, கதீட்டர் மடங்கியிருக்கிறதா, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தம் இறங்காவிட்டால் அவசர சிகிச்சைதான். மின்தூண்டலும் இதைக் கிளப்பலாம் என்பதால், பயிற்சியின்போது ரத்த அழுத்தம் பார்க்காத இடத்தில் தூண்டல் எடுக்க வேண்டாம்.

இந்த வாரமே கேட்க வேண்டியவை இரண்டு: மதிப்பெண்கள் நிரப்பிய ஏஷியா தாளின் நகல், கை நரம்பு அறுவை செய்பவரிடம் ஒரு மதிப்பீடு. இரண்டாவதற்கு நாள் குறிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.