பேதியாகும் எட்டு மாதக் குழந்தை: டிராப்ஸ் 5 மி.லி. கொடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு எட்டு மாதம். போன வாரம் அங்கன்வாடியில் எடை போட்டபோது 7.4 கிலோ. நேற்றிலிருந்து எட்டு முறை தண்ணீராகப் போய்விட்டாள், மூன்று முறை வாந்தி. காய்ச்சல் 101 டிகிரி. கண் உள்ளே போன மாதிரி இருக்கிறது. தண்ணீரைக் காட்டினால் பாய்ந்து குடிக்கிறாள், குடித்ததைக் கக்கிவிடுகிறாள். வீட்டில் பாராசிட்டமால் டிராப்ஸ் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா தன் குழந்தைக்கு 5 மி.லி. கொடுத்தாராம். நானும் கொடுக்கலாமா? மாமியார் உச்சி விழுந்திருக்கிறது, தொக்கம் எடுக்கலாம் என்கிறார்.

பதில்: டிராப்ஸில் 5 மி.லி. கொடுக்கவே கூடாது. அந்த அக்கா கொடுத்தது அநேகமாக சிரப். இரண்டிலும் இருப்பது ஒரே மருந்துதான், ஆனால் அடர்த்தி வேறு. இதைப் பிறகு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் குழந்தைக்கு இப்போதைய அவசரம் காய்ச்சல் இல்லை, தண்ணீர்.

கண் குழிவதும், தாகத்தோடு பாய்ந்து குடிப்பதும் நீரிழப்பின் நடுக்கட்ட அடையாளங்கள். இன்னும் ஒன்றைப் பாருங்கள்: தொப்புளுக்கும் விலாவுக்கும் நடுவே வயிற்றுத் தோலைக் கிள்ளி விடுங்கள். உடனே பழையபடி ஆகாமல் மெல்லப் படிந்தால் அதே கட்டம்தான்; இரண்டு நொடிக்கு மேல் மடிப்பாகவே நின்றால் கடுமையான நீரிழப்பு. இன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ குழந்தை மருத்துவரிடமோ காட்டி, துணி இல்லாமல் எடை போடச் சொல்லுங்கள். 7 கிலோ காட்டினால் 400 கிராம் குறைந்திருக்கிறது. இரண்டே நாளில் போனதால் அது பெரும்பாலும் தண்ணீர். எடையில் ஐந்து சதவீதத்துக்கு மேல். பத்தைத் தாண்டினால் டிரிப்ஸ் இல்லாமல் முடியாது.

மாமியார் கண்டது சரியான அடையாளம். உச்சிக்குழி பள்ளமாவது உடம்பில் நீர் வற்றியதால். ஆனால் அண்ணத்தை விரலால் தூக்கினாலோ, தொக்கம் எடுக்கிறோம் என்று வாயில் ஊதினாலோ குழி நிரம்பாது. வாந்தி எடுக்கும் குழந்தைக்குப் புரையேறும் ஆபத்துதான் கூடும், அரை நாளும் வீணாகும்.

ஓ.ஆர்.எஸ்.ஸை (பேதிக்கான உப்பு-சர்க்கரைக் கரைசல்) ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்பே தொடங்கிவிடுங்கள். நடுக்கட்ட நீரிழப்புக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு கிலோவுக்கு 75 மி.லி., நான்கு மணி நேரத்தில். 7 கிலோ என்றால் 525 மி.லி. இதைக் கேட்டதும் புட்டியில் ஊற்றிக் கொடுத்துவிடத் தோன்றும். வாந்திக்குக் காரணமே அதுதான். தாகத்தில் குழந்தை மடமடவென்று குடிக்கும், வயிறு விரிந்ததும் மொத்தமும் வெளியே வரும். 5 மி.லி. சிரிஞ்சில் (ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டு) இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை, கன்னத்தின் உட்பக்கமாக மெல்ல விடுங்கள். பாலாடைச் சங்கும் நல்லதுதான், ஆனால் மல்லாக்கப் படுக்கவைத்து ஊற்றக் கூடாது; மடியில் நிமிர்த்தி உட்காரவையுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். 525 மி.லி. என்பது 105 சிரிஞ்சு. ஒருவரால் ஆகாது, வீட்டில் மாற்றி மாற்றி உட்காருங்கள், ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். நடுநடுவே தாய்ப்பால் உண்டு, அதை நிறுத்தவே வேண்டாம்.

கலப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கடையில் இரண்டு அளவுப் பொட்டலம் இருக்கிறது: ஒரு லிட்டருக்கானது, 200 மி.லி.க்கானது. பெரியதை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் உப்பு ஐந்து மடங்காகி, ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரை போகும். பெரிய பொட்டலத்தைக் கண்ணளவில் பாதியாகப் பிரிப்பதும் வேண்டாம். உப்பும் சர்க்கரையும் சமமாகப் பிரியாது. கொதித்து ஆறிய தண்ணீரை லிட்டர் பாட்டிலில் அளந்து, முழுப் பொட்டலத்தையும் கொட்டிக் கரைத்து, 24 மணி நேரம் கழித்து மீதியைக் கொட்டிவிடுங்கள். கரைத்த பிறகு சுடவைக்கக் கூடாது, சர்க்கரையும் சேர்க்கக் கூடாது. குளுக்கோஸ்தான் உப்பைக் கூட்டிக்கொண்டு குடல் சுவருக்குள் போகிறது, தண்ணீர் பின்னாலேயே போகும். அந்த விகிதம் கெட்டால் அதிகப்படி சர்க்கரை தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டும். டெட்ரா பாக் பழச்சாறுகள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் விற்கப்பட்டதை 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்ததற்கும் இதுதான் காரணம்.

இப்போது காய்ச்சல் மருந்து. 101 டிகிரிக்கு மருந்து கட்டாயமில்லை. 101.3ஐத் தாண்டினாலோ குழந்தை துவண்டாலோ கொடுக்கலாம். அளவு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி.; ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம். சரியாகச் சாப்பிடாமல் நீர் வற்றிக் கிடக்கும் குழந்தைக்கு 10 என்ற கீழ் அளவே போதும்: ஈரலுக்கு இந்த மருந்தை முறிக்கும் சரக்கு அப்போது குறைவாக இருக்கும். 7 கிலோவுக்கு 70 மி.கி.

புட்டியைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். டிராப்ஸில் வழக்கமாக ஒரு மி.லி.யில் 100 மி.கி.; ஆகவே 0.7 மி.லி. சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி. என்றிருந்தால் 2.9 மி.லி.; 250 மி.கி. என்றிருந்தால் 1.4 மி.லி. அக்கா சொன்னபடி டிராப்ஸில் 5 மி.லி. கொடுத்தால் 500 மி.கி. உள்ளே போகும். இந்த எடைக்கு ஒரு நாள் முழுதுக்குமான உச்ச வரம்பே 420 மி.கி.தான். அளப்பதற்கு ஒரு மி.லி. சிரிஞ்சு வாங்குங்கள்; சமையலறை ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒரு அளவு. ஒரு புட்டியின் டிராப்பரை இன்னொரு புட்டியில் போடாதீர்கள். ஆசனவாயில் வைக்கும் மாத்திரையிலும், பல சளி சிரப்களிலும் பாராசிட்டமால் உண்டு. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இபுபுரூஃபன், மெஃபெனமிக் அமிலம் என்ற வேறு காய்ச்சல் மருந்துகள் இரண்டும் இப்போது வேண்டாம். நீர் வற்றும்போது சிறுநீரகம் தன் ரத்த ஓட்டத்தைத் தக்கவைக்க நம்பியிருக்கும் வழியையே இவை அடைக்கின்றன. பேதியை நிறுத்தும் லோப்பரமைடு கைக்குழந்தைக்குக் கூடவே கூடாது. குடல் அசைவு நின்று வயிறு உப்பும். வாந்திக்கு ஒன்டான்செட்ரான் கொடுப்பதா என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். மலத்தில் ரத்தம் இல்லாத சாதாரண பேதிக்கு ஆன்டிபயாடிக் உதவாது.

ஜிங்க் (துத்தநாகச் சத்து) மட்டும் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., 14 நாள். மாத்திரையை ஒரு ஸ்பூன் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்துக் கொடுக்கலாம். பேதி நின்றாலும் 14 நாளை முடியுங்கள். நீர் தேறியதும் குழைந்த சாதம், பருப்பு, வாழைப்பழம் என்று வழக்கமான உணவுக்கு வரலாம், பட்டினி வேண்டாம். அதன்பின் ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மி.லி. ஓ.ஆர்.எஸ்.

குடிக்க மறுத்தாலோ, எழுப்பினால் எழாமல் கிறங்கினாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, வலிப்பு வந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். விட்டுவிட்டு வீறிட்டு அழுது, காலை மடக்கி, நடுவே சோர்ந்து படுத்தால் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கலாம். அது இந்த வயதில்தான் அதிகம் வரும். விழிப்பாக இருந்து விழுங்கினால் வழியெல்லாம் ஓ.ஆர்.எஸ். சொட்டிக்கொண்டே போங்கள், கிறங்கிக் கிடந்தால் வாயில் எதுவும் வேண்டாம். வீட்டில் கொடுத்த எல்லா மருந்துப் புட்டிகளையும், எத்தனை மணிக்கு எத்தனை மி.லி. என்று எழுதிய தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.