கேளுங்கள், சொல்கிறோம்: பேங்க் நெகாராவில் இருக்கும் டாலர் யாருடையது?

கேள்வி: ஐயா, வணக்கம். மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவிடம் 100 பில்லியன் டாலருக்கு மேல் கையிருப்பு இருப்பதாகச் செய்தியில் படித்தேன். அரசாங்கமோ கடன் கழுத்தை நெரிக்கிறது என்கிறது. சும்மா கிடக்கும் அந்தப் பணத்தில் கடனை அடைத்துவிட்டு, எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு ஒரு கட்டடம் கட்டினால் என்ன? (கோயில் பொருளாளர், சுங்கை சிப்புட்)

பதில்: பலரும் கேட்கும் கேள்விதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் பக்கத்து ஆலையிலிருந்து போகும் செம்பனை எண்ணெய் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் இந்தியாவுக்கோ சீனாவுக்கோ போகிறது, காசு டாலரில் வருகிறது. டாலரை வைத்துக்கொண்டு தோட்டத்தில் சம்பளம் போட முடியாது, கம்பெனி அதைத் தன் வங்கியில் கொடுத்து வெள்ளியாக (ரிங்கிட்டாக) மாற்றுகிறது; அந்த டாலரைப் பேங்க் நெகாரா வாங்கினால், ஈடான வெள்ளியை வங்கியின் கணக்கில் வரவு வைக்கிறது. அதாவது அந்த டாலருக்கு வெள்ளி ஏற்கெனவே கொடுத்தாயிற்று. அதே டாலரை அரசாங்கத்திடம் தூக்கிக் கொடுத்தால், அது மறுபடி பேங்க் நெகாராவிடமே மாற்ற வரும்போது ஒரே டாலருக்கு இரண்டு தடவை வெள்ளி இறங்கும், விலைவாசி ஏறும். வெளிச்சந்தையில் விற்றாலோ, கையிருப்பு கரைந்துபோகும்.

நீங்கள் பொருளாளர், உங்களுக்கே தெரியும்: திருவிழா முடிந்த மறுநாள் பெட்டியில் இருப்பதெல்லாம் கோயில் பணமில்லை, பந்தல்காரருக்கும் மேளக்காரருக்கும் தர வேண்டியதும் அதில்தான் இருக்கிறது. பேங்க் நெகாராவின் டாலரும் அப்படித்தான்.

அந்தக் கையிருப்பு சும்மாவும் கிடக்கவில்லை. பெரும்பகுதி வெளிநாட்டுக் கடன் பத்திரங்களில் இருக்கிறது, கொஞ்சம் தங்கம். முதலில் பாதுகாப்பு, அடுத்து கேட்டவுடன் கைக்கு வர வேண்டும், வருமானம் மூன்றாவதுதான். இந்த வரிசையைப் புரட்டினால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்துவிட்டோம்: 1990-களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வியாபாரத்தில் பேங்க் நெகாராவுக்கு ஏற்பட்ட நட்டம் 31.5 பில்லியன் வெள்ளி என்று 2017-ல் அரச விசாரணை ஆணையம் கணக்குச் சொன்னது. அப்புறம் 1997 ஆசிய நிதி நெருக்கடி. 1998 செப்டம்பரில் ஒரு டாலர் 3.80 வெள்ளி என்று கட்டிப்போட்டு, 2005 ஜூலை வரை அப்படியே வைத்திருந்தோம். கையில் டாலர் இல்லாமல் அந்தச் சொல்லைக் காப்பாற்ற முடியுமா?

உண்மையான மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. பெட்ரோலியப் பணத்தை வருங்காலத்துக்குச் சேர்க்க 1988-ல் தேசிய அறநிதி தொடங்கினார்கள்; 2021-ல் சட்டத்தைத் திருத்தி அதிலிருந்து கோவிட் தடுப்பூசிக்குப் பணம் எடுத்தார்கள், அது சரியான செலவு என்றே நினைக்கிறேன். பேங்க் நெகாராவும் லாபத்திலிருந்து அரசாங்கத்துக்குப் பங்கு கொடுக்கிறது. உங்கள் பள்ளிக் கட்டடத்துக்கான வழி அந்தப் பக்கம்தான். பட்ஜெட்டுக்கு முன்பே உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைப் பிடியுங்கள், விடாதீர்கள்.

கேள்வி: கோயில் கணக்கில் 18,000 வெள்ளி மிச்சம். வட்டி அதிகம் என்று கூட்டுறவுச் சங்கத்தில் போடச் சொல்கிறார்கள். போடலாமா? (அதே வாசகர்)

பதில்: அவசரப்படாதீர்கள். வங்கியில் நீங்கள் 100 வெள்ளி போட்டால், 2025 மே முதல் 1 வெள்ளியைத்தான் அந்த வங்கி பேங்க் நெகாராவிடம் கட்டாயக் கையிருப்பாக வைக்க வேண்டும். மற்றது கடனாகப் போகும், அரசாங்கப் பத்திரமாகும், அப்படியும் மிஞ்சினால் ஓர் இரவுக்குப் பேங்க் நெகாராவிலேயே போடுவார்கள். வங்கி கவிழ்ந்தால் ஒருவருக்கு ஒரு வங்கியில் 250,000 வெள்ளி வரை பிஐடிஎம் (வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம்) காப்புறுதி உண்டு. கூட்டுறவுச் சங்கத்துக்கு அது கிடையாது.

1986-ல் 24 கூட்டுறவுச் சங்கங்களை முடக்கினார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டிச் சேர்த்த காசை அப்படியொரு சங்கத்தில் போட்டிருந்தார் என் அத்தை. ஓரம் கிழிந்த சேமிப்புப் புத்தகத்தை பிஸ்கட் டின்னில் வைத்துக்கொண்டு, வாராவாரம் பஸ் ஏறிப் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வருவார். பல வருடம் கழித்துத் தவணை தவணையாக வந்தது, அதற்குள் பிள்ளையின் படிப்பு நின்றுவிட்டது. எல்லாச் சங்கமும் அப்படி இல்லை. 1960-ல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர் காசைச் சேர்த்துத் தோட்டமே வாங்கியது. ஆனால் கோயில் பணம் ஊர்ப் பணம், அதை ஆபத்தில் வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

மூன்று மாதச் செலவுக்கானதை மட்டும் நடப்புக் கணக்கில் விடுங்கள். மீதியை மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதம் என்று பிரித்து நிரந்தர வைப்பில் போடுங்கள், நடுவில் உடைத்தால் வட்டி போய்விடும் என்பதால்தான் பிரிக்கச் சொல்கிறேன். கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து இருக்கட்டும், ரசீதின் நகலைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.