‘அபர்ணா’ என்றால் இலை இல்லாதவளாமே, பெண் குழந்தைக்கு வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். ‘இலையில்லாதவள் என்றால் பட்ட மரமா?’ என்று உங்கள் மாமியார் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பர்ணம் என்றால் இலை, அபர்ணா என்றால் இலையில்லாதவள், அதுவரை சரிதான். ஆனால் இது மரத்தைப் பற்றிய பேச்சே இல்லை, சாப்பாட்டைப் பற்றியது.

சிவனை அடையப் பார்வதி தவம் செய்த கதையைக் காளிதாசர் குமாரசம்பவத்தின் ஐந்தாம் சர்க்கத்தில் சொல்கிறார். தானாக உதிர்ந்த சருகை மட்டும் தின்று உயிர் வாழ்வதுதான் தவத்தின் உச்சம் என்பார்கள். அவள் அந்தச் சருகையும் வேண்டாமென்று தள்ளிவிட்டாளாம். அதனால் வந்த பெயர் அபர்ணா. அதே சர்க்கத்தில் அவள் குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து மரக்கன்றுகளைப் பிள்ளைகள் மாதிரி வளர்க்கிறாள். பின்னால் முருகனே பிறந்தாலும் அந்தக் கன்றுகள் மேல் அவளுக்குள்ள பாசம் குறையாது என்கிறார் கவி. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. இதைப் படித்தவர் யாரும் பட்ட மரம் என்று சொல்லமாட்டார்.

லலிதா சகஸ்ரநாமத்திலும் ‘அபர்ணா சண்டிகா’ என்று வருகிறது. வெள்ளிக்கிழமை பாராயணம் செய்கிற வீடு என்றால் மாமியார் வாயாலேயே பலமுறை சொல்லியிருப்பார். அதற்கு உரை எழுதிய பாஸ்கரராயர் (காவிரிக் கரை பாஸ்கரராஜபுரத்துக்காரர்) இன்னொரு பொருளும் தருகிறார்: அப + ருணம் என்று பிரித்தால், ருணம் என்றால் கடன், ஆக அபர்ணா கடன் இல்லாதவள். அதோடு விடவில்லை மனிதர். ‘உன் பெயரை நான் ஜபிக்கிறேன், கேட்டதை நீ இன்னும் தரவில்லை, இந்தக் கடனை வைத்துக்கொண்டு அபர்ணா என்ற பெயர் உனக்குப் பாரமாக இல்லையா?’ என்று அம்பாளையே மடக்குகிறார்!

ஆனந்தலஹரி என்ற துதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. மற்றவர்கள் இலையுள்ள கொடியை நாடட்டும், எனக்கு இலையில்லாத இந்தக் கொடி போதும், இது சுற்றிக்கொண்டதால் கிழட்டுக் கட்டையும் முக்தி என்ற பழத்தைத் தருகிறதே என்கிறது. கட்டைக்கு அங்கே வரும் சொல் ஸ்தாணு, சிவனுக்கும் அதுதான் பெயர். மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், பிறப்புச் சான்றிதழில் மூன்று சுழி ‘ண’ போடச் சொல்லுங்கள். ‘அபர்னா’ என்று பதிவாகிவிட்டால் பிறகு திருத்த அலைய வேண்டும்.