எட்டுக் கோழி இருந்தும் ஒரு முட்டைதானா?

கேள்வி: பாலக்கோடு அருகே தோட்டத்தில் எட்டு நாட்டுக்கோழி, ஒரு சேவல் வளர்க்கிறோம். தை, மாசியில் தினம் நான்கைந்து முட்டை கிடைத்தது. இந்தச் சித்திரையில் ஒன்று கிடைத்தாலே பெரிது. மூன்று கோழி குஞ்சோடு மேய்கின்றன, ஒன்று அடையில் இருக்கிறது. தீனிக்குக் குறைவில்லை, கேழ்வரகை வேண்டிய மட்டும் இறைக்கிறோம். முட்டை டானிக் வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: டானிக் வேண்டாம், முதலில் கணக்கைப் பாருங்கள். நாட்டுக்கோழி ஆண்டுக்கு 50 முதல் 70 முட்டை இடும். எட்டுக் கோழிக்குச் சராசரி 60 என்று வைத்தால் 480. அதை 365 நாளுக்குப் பங்கிட்டால் தினம் ஒன்றேகால் முட்டைதான் வரும். தை, மாசியில் பல கோழிகள் சேர்ந்தாற்போல் முட்டைக்கு வந்திருக்கின்றன, அவ்வளவுதான். சேர்ந்து இட்டவை சேர்ந்தே அடைக்கும் போயிருக்கின்றன.

ஒரு சுற்றுக்கு 10 முதல் 15 முட்டை. ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது, அதில் ஓடு கட்டவே ஏறக்குறைய 20 மணி நேரம். அதனால் இன்று காலை 8 மணிக்கு இட்ட கோழி நாளை 9, 10 மணிக்கு இடும். நேரம் பிற்பகலுக்குத் தள்ளிப்போனதும் ஒரு நாள் விட்டுவிட்டு மறுபடி காலையில் தொடங்கும். இடையில் ஒரு நாள் முட்டை இல்லாதது கோளாறு அல்ல. சுற்று முடிந்ததும் 21 நாள் அடை, பிறகு இரண்டு மூன்று மாதம் குஞ்சு வளர்ப்பு. முட்டையைத் தின்பது இந்த இடைவெளிதான். கூடுதல் முட்டை வேண்டுமானால் இதைத்தான் சுருக்க வேண்டும்.

குஞ்சு தேவையில்லாத கோழி அடைக்கு உட்கார்ந்தால் முதல் நாளே எடுத்து, அடியில் காற்று புகும் கம்பிவலைக் கூண்டில் விடுங்கள். வைக்கோல், சாக்கு எதுவும் போடக்கூடாது. தீனியும் தண்ணீரும் வழக்கம்போல. மூன்று நான்கு நாளில் அடை கலையும், இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி முட்டைக்கு வரும். தண்ணீரில் முக்கி எடுப்பது, பட்டினி போடுவது எல்லாம் கோழியை வதைப்பதோடு சரி. குஞ்சும் வேண்டுமென்றால் இரண்டு கோழிகளை ஒரே நாளில் அடை வையுங்கள். பொரித்த அன்று இரவு எல்லாக் குஞ்சுகளையும் ஒரு தாயிடமே சேர்த்துவிடலாம், மற்றது சீக்கிரம் முட்டைக்குத் திரும்பும்.

எது முட்டையில் இருக்கிறது என்று தெரிய ஒவ்வொன்றின் காலிலும் வேறு வேறு நிற நூல் கட்டுங்கள். இரவில் கையில் எடுத்து, எச்சத்துவாரத்தின் இரு பக்கமும் இருக்கும் மெல்லிய எலும்புகளைத் தொட்டுப் பாருங்கள். நடுவே இரண்டு மூன்று விரல் நுழைந்து, துவாரம் அகன்று ஈரமாக இருந்தால் இட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு விரல்தான் நுழைகிறது, கொண்டையும் வெளிறிச் சுருங்கியிருக்கிறது என்றால் ஓய்வில் இருக்கிறது. இறகு உதிர்க்கும் கோழியிடம் இரண்டு மூன்று மாதம் முட்டை எதிர்பார்க்காதீர்கள்.

முட்டையில் இருப்பதாகத் தெரிகிற கோழியின் முட்டை கண்ணில் படவில்லை என்றால் வைக்கோல் போர், உண்ணிச்செடிப் புதர் எல்லாம் தேடுங்கள். நாலைந்து நாள் காலை 11 மணி வரை திறந்துவிடாமல் கூண்டிலேயே வைத்து, உள்ளே இருட்டு மூலையில் வைக்கோல் கூடை ஒன்றும், பென்சிலால் கோடு போட்ட முட்டை ஒன்றும் வையுங்கள். அங்கேயே இடப் பழகும். மற்ற முட்டைகளை அன்றன்றே எடுத்துவிடுங்கள், குவிந்து கிடந்தால் அடை எண்ணம் சீக்கிரம் வந்துவிடும்.

இனி கேழ்வரகு. சுண்ணாம்புச் சத்து மிகுந்த தானியம் என்பது நமக்குச் சரி, முட்டையிடும் கோழிக்குப் போதாது. 100 கிராம் கேழ்வரகில் இருப்பது ஏறக்குறைய 350 மில்லிகிராம். பண்ணை முட்டைக் கோழித் தீவனத்தில் அதைப்போல் பத்து மடங்கு சேர்க்கிறார்கள். புரதமும் 7 சதவீதம்தான், வேண்டியது 15, 16. கிலோவுக்கு கேழ்வரகு 400 கிராம், உடைத்த மக்காச்சோளம் 250, அரிசித் தவிடு 150, பூஞ்சணம் இல்லாத கடலைப் புண்ணாக்கு 150, உப்பில்லாத கருவாட்டுத் தூள் 50 என்று கலந்தால் 15 சதவீதத்தை எட்டும். மேயும் கோழிக்கு தலைக்கு 50, 60 கிராம், பாதி காலையிலும் பாதி மாலையிலும். சுண்ணாம்புச் சத்துக்குக் கிளிஞ்சல் நொறுக்கைத் தனிச் சட்டியில் வையுங்கள், தேவையான கோழி தானே கொத்திக்கொள்ளும். தீவனத்தில் கலந்தால் குஞ்சுகளும் தின்று அவற்றின் சிறுநீரகம் கெடும்.

சித்திரை வெயிலும் ஒரு காரணம். வாய் திறந்து இளைக்கும்போது உடலிலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியேறி ஓடு மெலிகிறது, தீனியும் குறைகிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டை மேட்டில் இந்தத் தொல்லை அவ்வளவு இல்லை. உங்கள் பக்கம் மண்சட்டித் தண்ணீரை நிழலில் வைத்து நண்பகலில் ஒருமுறை மாற்றுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். ஓரிரு நாளில் எல்லாக் கோழியும் ஒருசேர நிறுத்தி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, சோர்ந்து நின்றால் அது வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோயாக இருக்கலாம். நோயுற்றதை உடனே பிரித்து வைத்துவிட்டு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்பதை அங்கே முதலில் கேட்பார்கள், தேதியைக் குறித்து வைத்திருங்கள்.